தங்கத்துக்கு நடந்து எவ்வளவு தூரம்?

காலையில் அலுவலகம் போனதும் நான் முதலில் செய்த வேலை, முந்தின இரவு கணினி உருவாக்கிப் போட்டிருந்த 400 நாடுகளைப் பார்ப்பது. 12 வருஷம் இதைச் செய்தேன். ஒவ்வொரு நாடும் தபால்தலை அளவுதான் இருக்கும். நீலம் கடல், கரும்பச்சை காடு, மஞ்சள் புள்ளி தங்கம், சாம்பல் புள்ளி கல், வெள்ளைக் கட்டங்கள் ஆட்டக்காரர்களின் ஊர்கள். திரைக்கு 40 வீதம் பத்துத் திரை. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறவர்கள் மணி மணியாகப் பார்ப்பதில்லை. மொத்தத்தையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். கல் தானாகக் கண்ணை உறுத்தும். பழக்கத்தில் எனக்கும் அப்படி ஆகியிருந்தது.

ஒரு நாள் பார்த்து முடித்து, எல்லாம் சரி என்று எழுந்திருக்கப் போனபோது, புதிதாகச் சேர்ந்திருந்த டெஸ்டர் பெண் திரையின் ஒரு மூலையைக் காட்டினாள்.

"அண்ணா, இந்த மூணாவது ஊர்க்காரன் தங்கத்துக்கு எப்படிப் போவான்?"

"பக்கத்துலதானேம்மா இருக்கு. 14 கட்டம்."

"பக்கத்துலதான் இருக்கு. நடுவுல பாறை இருக்கே."

பெரிதாக்கிப் பார்த்தேன். ஊருக்கும் தங்கத்துக்கும் நடுவே நீளமாக ஒரு பாறைச் சரிவு. அதன் தெற்கு முனையை ஒட்டி அடர்ந்த காடு, வடக்கு முனையை ஒட்டி ஒரு குளம். தங்கம் வெட்டப் போகிற ஆள் குளத்தைச் சுற்றிக்கொண்டு, பக்கத்து ஊர்க்காரனின் எல்லை வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். இருவரும் கட்டங்களை விரலால் எண்ணினோம். நேர்கோட்டில் 14. நடந்து போனால் 61.

'ஊரிலிருந்து 12 கட்டத்துக்குக் குறையாமல், 16 கட்டத்தைத் தாண்டாமல் தங்கம் வை' என்று நான் எழுதியிருந்தேன். கணினி அப்படியே வைத்திருந்தது. தூரத்தை எதைக் கொண்டு அளக்க வேண்டும் என்று மட்டும் நான் சொல்லவில்லை. என் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது.

இந்த ஆட்டங்களை ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், சிவிலைசேஷன் போன்ற வியூக விளையாட்டுகளில் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு புது நிலத்தில் தொடங்கும். கையில் ஒரு ஊரோ, சில ஆட்களோ மட்டும். சுற்றிலும் கறுப்பு. ஆளை அனுப்பிப் பார்த்தால்தான் கறுப்பு விலகி, எங்கே காடு, எங்கே ஆறு, எங்கே எதிரி என்று தெரியவரும். அந்த நிலத்தை முன்கூட்டி யாரும் வரைந்து வைப்பதில்லை. 'தொடங்கு' என்று அழுத்திய பிறகு சில நொடிகளில் நிரல் உருவாக்குகிறது. அதைத்தான் ரேண்டம் மேப் என்கிறோம்.

எனக்கு இது பிடித்துப்போனது 2001-ல், திருச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். மணிக்கு 20 ரூபாய். ஆறு கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் ஆடுவோம். அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி 1999-ல் வெளிவந்த ஆட்டம் அது. இன்றும் உலகமெங்கும் ஆடுகிறார்கள். மற்றவர்களுக்குச் சண்டை வரும்போதுதான் ஆட்டம் சூடுபிடிக்கும். எனக்கு முதல் இரண்டு நிமிஷம். கறுப்பில் குதிரைக்காரன் வட்டமடிக்க வட்டமடிக்க, ஆடுகள் இரண்டு தெரியும், பிறகு பழப்புதர், பிறகு ஒரு தங்கத் திட்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் இவை எல்லாமே வரும். ஒருமுறைகூட அதே இடத்தில் வராது. இது எப்படி என்பதுதான் என்னை விடாமல் அரித்தது.

நண்பன் ஒருவன் இணையத்திலிருந்து இறக்கிய ஒரு மேப் ஸ்கிரிப்டை ஃபிளாப்பியில் கொண்டுவந்தான். நோட்பேடில் திறந்தோம். வெறும் எழுத்துதான், படம் எதுவும் கிடையாது. முதலில் ஆட்டக்காரர்கள், பிறகு நிலம், பிறகு மேடு, பாறைச் சரிவு, காடு போன்ற தரைவகைகள், ஊர்களை இணைக்கும் பாதை, கடைசியாகப் பொருட்கள் என்று ஏழு பகுதிகள். பொருட்கள் பகுதியைப் படித்தபோது எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. அரேபியா என்ற புகழ்பெற்ற மேப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஊர் அருகே 7 தங்கக் குவியல்கள் சேர்ந்த ஒரு திட்டு. ஒவ்வொரு குவியலிலும் 800 தங்கம், ஆக 5,600. கொஞ்சம் தள்ளி 4 குவியல்களாக இன்னும் இரண்டு திட்டுகள். கல் 5, பிறகு 4. பழப்புதர் 6, ஆடு 8, காட்டுப்பன்றி 2. எல்லோருக்கும் ஒரே கணக்கு. தூரத்துக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று எல்லை உண்டு. திசையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

அளவு சமம், தூரம் ஏறக்குறைய சமம், திசை அவரவர் அதிர்ஷ்டம். ஒருவனின் தங்கம் ஊருக்குப் பின்புறம் பத்திரமாக அமையும். இன்னொருவனுக்கு எதிரியின் முகத்துக்கு நேரே. பின்புறம் அமைந்தவன் நிம்மதியாகப் பொருளாதாரத்தைக் கட்டுவான். முன்புறம் அமைந்தவன் சீக்கிரமே கோபுரமோ மதிலோ எழுப்பியாக வேண்டும், அல்லது தானே முந்திப் போய் அடிக்க வேண்டும். ஆட்டத்தின் கதையே அந்தத் திசையில் இருக்கிறது. அதிர்ஷ்டத்தை எங்கே உள்ளே விடுவது, எங்கே கதவைச் சாத்துவது என்று முடிவு செய்வது ஒரு தனித் தொழில் என்று அன்றைக்குப் புரிந்தது. அந்தத் தொழிலுக்குத்தான் போனேன்.

மேப் என்றதும் பலரும் மலையையும் கடற்கரையையும் நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதியை எனக்கு முன்னால் கணிதக்காரர்கள் செய்து வைத்துவிட்டார்கள். 1967-ல் மண்டல்பிராட் பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்று கேட்டு, அளவுகோல் சிறிதாகச் சிறிதாக நீளம் கூடிக்கொண்டே போகும் என்று காட்டினார். அந்தக் கரடுமுரடைக் கணினியில் கொண்டுவர, 1982-ல் ஃபூர்னியே, ஃபசல், கார்பென்டர் மூவரும் எளிய வழி ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு கோட்டின் இரு முனைகளுக்கும் உயரம் கொடு. நடுப்புள்ளியில் சராசரியைப் போட்டு அதைக் கொஞ்சம் மேலோ கீழோ தள்ளு. இரு பாதிகளுக்கும் அதையே செய், தள்ளலைக் குறைத்துக்கொண்டே போ. பத்துப் பன்னிரண்டு முறை செய்தால் மலைத்தொடரின் விளிம்பு வந்துவிடும். டிரான் படத்தில் வேலை செய்த கென் பெர்லின், கணினிப் படங்களின் வழவழப்பு பிடிக்காமல் ஓர் 'இரைச்சல்' முறையை உருவாக்கி 1985-ல் வெளியிட்டார். அதற்காக 1997-ல் அவருக்கு ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. இன்று பெரும்பாலான ஆட்டங்களில் நிரல் எழுப்பிய மலையைத் தோண்டினால் அடியில் இந்த இரண்டில் ஒன்றோ, இவற்றின் பிள்ளையோ பேரனோ இருக்கும்.

நானும் முதல் மூன்று மாதம் இதில்தான் மயங்கிக் கிடந்தேன். என் மலைகள் அழகாக இருந்தன. நிறுவனத்தில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆடிப் பார்த்தபோது தாங்கவில்லை. அந்தக் கணக்குக்கு ஆட்டக்காரன் ஒருவன் இருக்கிறான் என்றே தெரியாது. நான்கு பேர் ஆடுகிற நிலத்தில் ஒருவனுக்குச் சமவெளி, ஒருவனுக்கு வீடு கட்டவே இடமில்லாத மலை முகடு. எங்கள் தலைமை வடிவமைப்பாளர் ஒரு வாரம் ஒன்றும் சொல்லாமல் ஆடினார். பிறகு, "தம்பி, நீ நிலம் பண்ணியிருக்க. மேப் இன்னும் பண்ணல" என்றார். சரியான வார்த்தை. நான் இன்றும் அதையே சொல்கிறேன்.

நிலத்தை மேப் ஆக்குவது எப்படி என்று பழைய ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றேன். 1984-ல் ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப் குழுவோடு டேனியல் பன்டன் பெர்ரி வடிவமைத்த செவன் சிட்டீஸ் ஆஃப் கோல்ட் ஆட்டத்தில், உண்மையான அமெரிக்காவைக் கண்டுபிடித்து அலுத்தவர்களுக்குக் கணினியே புதுக் கண்டம் ஒன்றைப் படைத்துத் தரும். 1991-ல் சிட் மையரின் சிவிலைசேஷன், 80-க்கு 50 கட்ட உலகை உருவாக்குவதற்கு முன் நான்கு கேள்வி கேட்டது: நிலம் எவ்வளவு, வெப்பம் எப்படி, மழை எப்படி, உலகத்தின் வயது 300 கோடியா 400 கோடியா 500 கோடியா. ஆடுகிறவனிடம் உலகத்தின் வயதைக் கேட்பது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிற விஷயம்.

என்னை அதிகம் மாற்றியது 2005-ல் வந்த சிவிலைசேஷன் நான்காம் பாகம். அதன் மேப் ஸ்கிரிப்டுகள் பைத்தானில் இருந்தன. யாரும் திறந்து படிக்கலாம். உலகம் உருவாகி, ஊர் தொடங்கும் இடங்கள் முடிவான பிறகு, நிரல் திரும்பி வந்து ஒவ்வோர் ஊராகச் சீர்செய்கிறது. தொடக்க இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மாற்று. ஆறு இல்லாதவனுக்கு ஆறு கொடு. ஊரை நெருக்கும் சிகரங்களை அகற்று. ஏரி வை. பயன்படாத காட்டையும் சதுப்பையும் நீக்கு. கெட்ட தரையை மாற்று. உணவு தரும் பொருட்களைச் சேர். நல்ல தரை சேர். பிறகும் குறை இருந்தால் மேலும் கொஞ்சம் கொடு. வீடு கட்டி முடித்தபின் தச்சர் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடி, இடிக்கிற இடத்தைச் சீவிவிட்டுப் போவாரே, அந்தக் கவனம். ஐந்தாம் பாகத்தில் இந்தப் பகுதியை எழுதிய பாப் தாமஸ் இன்னும் ஒரு படி போனார். நிலத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வளத்தை மதிப்பிட்டு, பரப்பு எப்படி இருந்தாலும் வளம் சமமாக இருக்கும்படி கண்டத்தைப் பங்குபோட்டு, பங்குக்கு ஓர் ஊரை உட்கார வைத்தார். பாலைவனத்துக்காரனுக்குப் பெரிய பங்கு, ஆற்றங்கரைக்காரனுக்குச் சிறிய பங்கு. நன்செய்யையும் புன்செய்யையும் பிரித்துப் பாகம் போட்ட குடும்பத்தில் பிறந்த எனக்கு இது உடனே விளங்கியது.

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் மூன்றாம் பாகத்துக்கு 1999-ல் வந்த ஆர்மகெடன்ஸ் பிளேட் என்ற கூடுதல் பாகம் வேறு வழியில் போனது. முதலில் எந்த மண்டலம் எதோடு இணைகிறது, அந்த வாசலை எவ்வளவு பலமான காவல் காக்கிறது என்று ஓர் எலும்புக்கூடு. அதன் மேல்தான் தரையைப் போர்த்துகிறது. உறவு முதலில், உருவம் பிறகு. இந்த வழியில் ஒருபோதும் ஒருவன் அடைபட்டுப் போகமாட்டான். நிலம் கொஞ்சம் செயற்கையாகத் தெரியும் என்பது உண்மை. ஆனாலும் சண்டை ஆட்டத்துக்கு இதைவிட நேர்மையான வழியை நான் பார்த்ததில்லை.

இனி என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மேப் நிரலில் வரிசை முக்கியம். கடைசியில் வருகிறவன் மிச்சம் இருக்கிற இடத்தில்தான் உட்கார வேண்டும். எங்கள் முதல் ஆட்டத்தில் காட்டை முன்னால் வைத்தேன், தங்கத்தைப் பின்னால். தங்கத்துக்கு நிபந்தனைகள் பல: காட்டில் கூடாது, தண்ணீரில் கூடாது, சரிவில் கூடாது, ஊரிலிருந்து இந்தத் தூரத்துக்குள், அடுத்தவன் ஊரிலிருந்து அந்தத் தூரத்துக்கு அப்பால். நிரல் 50 முறை இடம் தேடும். கிடைக்கவில்லை என்றால் அடுத்த வேலைக்குப் போய்விடும். எச்சரிக்கை எதுவும் எழுதாது. அப்படித்தான் நான் எழுதியிருந்தேன்.

ஆட்டம் வெளியான பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. 'எனக்குத் தங்கமே வரவில்லை' என்று. தோற்றவன் சொல்லும் சாக்கு என்று நினைத்தோம். கறுப்பை முழுசாக விலக்கிப் பார்த்திருக்கமாட்டான் என்று பதில்கூட எழுதினோம். நாலு மாதம் கழித்து, ஒரு பையன் மேப்பின் சீட் எண்ணோடு எழுதினான். அந்த எண்ணைக் கொடுத்து நானே அந்த நிலத்தை உருவாக்கினேன். இரண்டாவது ஊரைச் சுற்றிக் காடு மூடியிருந்தது. முழு நிலத்தையும் திறந்து தேடினேன். தங்கம் இல்லை. உட்கார்ந்து ஆயிரம் மேப் உருவாக்கி எண்ணினேன். அவற்றில் மூன்று மேப்புகளில் யாரோ ஒருவருக்குத் தங்கம் இல்லை.

ஆயிரத்தில் மூன்று என்பது காகிதத்தில் சின்ன எண். தினமும் ஆயிரம் ஆட்டம் நடந்தால், தினமும் மூன்று பேர் ஒன்றரை மணி நேரம் உழைத்து, தோற்பதற்கென்றே வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் தங்கள் ஆட்டத்தில் என்ன தப்பு என்று தேடியிருப்பார்கள். தேடிக் கிடைக்காமல், தனக்கு இந்த ஆட்டம் வராது என்று விட்டுப் போனவர்களும் இருப்பார்கள். எதிரியிடம் தோற்றால் கற்றுக்கொள்ளலாம். நிலத்திடம் தோற்பவனுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. அந்தப் பையனுக்கு நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அன்று முதல், வைக்க முடியாததை நிரல் மௌனமாக விடக்கூடாது; காட்டை வெட்டியாவது இடம் செய்ய வேண்டும், அதுவும் முடியாவிட்டால் அந்த மேப்பையே கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த சீட் எண்ணில் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று மாற்றினோம்.

சீட் எண் என்றேன். கணினிக்கு உண்மையில் குருட்டாம்போக்கு தெரியாது. ஓர் எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து பெருக்கிக் கூட்டி அடுத்தடுத்த எண்களைப் பிறப்பிக்கும். பார்க்கத் தாறுமாறாக இருக்கும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே தாறுமாறு மீண்டும் வரும். பழைய நிரல்களில் எளிதாகக் கிடைத்த ரேண்டம் எண் 0 முதல் 32,767 வரைதான். அதையே சீட் எண்ணாகப் பயன்படுத்தினால் உலகத்தில் மொத்தமே 32,768 மேப்புகள். நிறையத் தோன்றும். ஆனால் சுமார் 213 ஆட்டங்களுக்குள்ளேயே ஏதோ இரண்டு ஒன்றாக அமைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எங்கள் டெஸ்டர் ஒருவர் "இந்தக் குளத்தை நான் முன்னாடியே பாத்திருக்கேன் சார்" என்று சொன்னபோது நான் நம்பவில்லை. அவர் சொன்னதுதான் சரி.

சீட் எண்ணின் உண்மையான பலம் பல பேர் சேர்ந்து ஆடும்போது தெரியும். எட்டுப் பேரின் கணினிகளுக்கும் முழு நிலத்தை அனுப்ப வேண்டியதில்லை. ஓர் எண்ணை அனுப்பினால் போதும், ஒவ்வொரு கணினியும் அதே நிலத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஆட்டம் தொடங்கிய பிறகும் 'இந்த ஆளை அங்கே அனுப்பு' என்ற கட்டளை மட்டுமே கம்பியில் போகும். முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் நொடிக்கு 28.8 கிலோபிட் வேகமுள்ள மோடத்தில் 1,500 வீரர்களை இப்படித்தான் நடத்தினார்கள். என்செம்பிள் ஸ்டூடியோஸைச் சேர்ந்த பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001-ல் அந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். அதில் வரும் ஓர் உதாரணம்: மேப் உருவாகும்போது ஒரு மான் இம்மியளவு இடம் பிசகி நின்றால், சில நிமிஷம் கழித்து வேட்டைக்காரனின் ஈட்டி ஒரு கணினியில் படும், மற்றொன்றில் தவறும். பிறகு இரண்டு கணினிகளிலும் இரண்டு வேறு உலகங்கள். மேப் எழுதும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கட்டுரை அது.

எங்களுக்கும் அந்த மான் வந்தது. இரண்டு கணினிகளில் ஒரே சீட் எண், இருபதில் ஒரு முறை வேறு வேறு காடு. 11 நாள் தேடினேன். சென்னை வெயிலில் மின்சாரம் போய்ப் போய் வந்த மே மாதம். கடைசியில் கிடைத்தது இதுதான்: ஊர்களின் பட்டியலை நான் வைத்திருந்த முறையில், எந்த ஊர் முதலில் வரும் என்பது நினைவகத்தில் அது எந்த இடத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்திருந்தது. பந்தியில் பரிமாறுவதை நினைத்துப் பாருங்கள். அதே இலைகள், அதே வடைத் தட்டு. இந்த முனையிலிருந்து தொடங்கினால் உடைந்த வடை எனக்கு. அந்த முனையிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு. ரேண்டம் எண்கள் வரிசையாகத்தான் வருகின்றன. யார் முதலில் கைநீட்டுகிறார் என்பது மாறினால் எல்லோருக்கும் அடுத்தவரின் எண் போய்விடும். பட்டியலை ஊர் எண் வரிசையில் அடுக்கினேன். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகச் செலவழித்த 11 நாளை நான் வீண் என்று நினைக்கவில்லை. அதன் பிறகு எந்த நிரலிலும் வரிசையை அதிர்ஷ்டத்துக்கு விட்டதில்லை.

சமம் வேண்டும் என்றால் கண்ணாடி போல வைத்துவிடலாமே, இடப்பக்கம் இருப்பதை அப்படியே வலப்பக்கம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். செய்து பார்த்திருக்கிறேன். துல்லியமான சமம். ஆடியவர்கள் பத்தே ஆட்டத்தில் விட்டுவிட்டார்கள். தன் ஊரைப் பார்த்தால் எதிரியின் ஊர் தெரிந்துவிடுகிறது. தேடிப் போக வேண்டியதில்லை. ஸ்டார்கிராஃப்ட் போன்ற ஆட்டங்களில் கையால் செதுக்கிய சமச்சீர் மேப்புகளை ஆடுகிறார்கள்; அங்கே போட்டி கைவேகத்தில், பாடம் செய்த தொடக்கத்தில். அதுவும் ஒரு பெரிய கலைதான். ரேண்டம் மேப் வேறொன்றைச் சோதிக்கிறது: இதற்கு முன் யாரும் பார்க்காத நிலத்தை இரண்டு நிமிஷத்தில் படித்து, தனக்கு எது பலம், எது பலவீனம் என்று முடிவு செய்கிற புத்தியை. நல்ல விவசாயி புது வயலில் இறங்கியதும் செய்கிற வேலை. இந்தத் திறமைக்கு ஒரு களம் வேண்டும் என்பதற்காகவே ரேண்டம் மேப் வாழ வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

இனி அந்த 61 கட்டத்துக்கு வருகிறேன். தங்கத்தின் பக்கத்திலேயே ஒரு சுரங்கக் குடில் கட்டிக்கொண்டால் நடை மிச்சம்தானே என்று ஆடிப் பழகியவர்கள் கேட்பார்கள். மிச்சம்தான். ஆனால் எதிரியின் குதிரைப்படை வந்ததும் ஊர் மணியை அடித்தால், தங்கம் வெட்டுகிறவர்கள் ஓடிவந்து ஒளிய வேண்டும். 14 கட்டம் ஓடி வருகிறவன் பிழைப்பான். 61 கட்டம் ஓடுகிறவன் வழியில் செத்துப்போவான். மேப்பில் தூரம் என்பது அதுதான்: பயந்த ஆள் ஓடிச் சேர முடிகிற தூரம்.

நேர்கோட்டு அளவை அன்றே தூக்கினேன். ஒவ்வோர் ஊர் வாசலிலிருந்தும் தண்ணீர் பரவுவது போல நடையளவைப் பரப்பினேன். வாசல் 0, அடுத்த கட்டம் 1, அதற்கடுத்தது 2. பாறையிலும் மரத்திலும் பரவாது, சுற்றிக்கொண்டு போகும். மேட்டில் ஏறினால் கூடுதல் செலவு. இதற்கான வழியை டைக்ஸ்ட்ரா 1959-லேயே வெளியிட்டுவிட்டார். அதற்கு மூன்று வருஷம் முன்பே ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, காகிதமும் பேனாவும் இல்லாமல், 20 நிமிஷத்தில் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பரப்பி முடித்ததும் நிலத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு எண்கள் இருக்கும், நான்கு ஊர்களிலிருந்தும் நடை தூரம். தங்கத்தை எங்கே வைக்கலாம் என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். எந்தக் கட்டம் இருவருக்குமே சம தூரமோ அங்கேதான் சண்டை வரும். அங்கே ஒரு பெரிய தங்கத் திட்டை வைத்தால் ஆட்டம் சூடாகும். ஓர் ஊரிலிருந்து பரப்பிய எண் மற்ற ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அந்த ஊர்க்காரன் அடைபட்டிருக்கிறான், மேப்பைக் கிழி.

ஒரு மேப்புக்கு இது முக்கால் நொடி கூடுதல் நேரம் எடுத்தது. நிர்வாகத்தில் இருந்த ஒருவர், ஆட்டம் தொடங்கத் தாமதமாகிறது, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அதை எடுத்துவிடச் சொன்னார். இரண்டு வாரம் வாதாடினேன். கடைசியில் அந்த டெஸ்டர் பெண் பழைய முறையில் 20 மேப், புதிய முறையில் 20 மேப் அச்சடித்து, எது எது என்று சொல்லாமல், அவர் மேசையில் பரப்பினாள். "சார், இதுல நீங்க எந்த ஊர்ல குடியிருக்க மாட்டீங்கன்னு சொல்லுங்க" என்றாள். அவர் ஏழு ஊர்களைத் தொட்டார். ஏழும் பழைய முறையில் வந்தவை. முக்கால் நொடி கிடைத்தது.

அந்தப் பெண் இப்போது வேறோர் ஊரில், என்னைவிடப் பெரிய குழுவோடு, இதே வேலையைத் தலைமை ஏற்றுச் செய்கிறாள். நான் ஓய்வாக இருக்கிறேன். ஆனாலும் வாரத்துக்கு இரண்டு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலைக் கற்க ஆசைப்படுகிற பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் வழி கேட்கிறார்கள். கல்லூரி வேண்டாம், விலைகொடுத்து வாங்குகிற மென்பொருளும் வேண்டாம். வைல்ட்ஃபயர் கேம்ஸ் என்ற தன்னார்வலர் குழு உருவாக்கும் 0 ஏ.டி. என்ற வியூக ஆட்டத்தை இலவசமாக இறக்குங்கள். 2009 முதல் அதன் மூல நிரல் திறந்திருக்கிறது. மேப் கோப்புறைக்குள் ரேண்டம் என்ற பகுதியில், ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய பல மேப்புகள் இருக்கின்றன. கேரளா என்ற பெயரிலேயே ஒன்று உண்டு: ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவே ஊர்கள். அதைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள். ஒரு எண்ணை மாற்றுங்கள், நூறு மேப் உருவாக்குங்கள், தபால்தலை அளவில் அடுக்கிப் பாருங்கள். பிறகு மலையைக் கொஞ்சம் மேற்கே தள்ளி, கிழக்கே ஓர் ஆற்றை ஓடவிட்டு, அதைக் கடலுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு கிளையாகப் பிரித்துப் பாருங்கள். காவிரிக் கழிமுகம் வரும். கடைமடைக்காரனுக்கும் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்று நடந்து பார்த்துவிட்டு, சீட் எண்ணோடு எனக்கு எழுதுங்கள்.